மழைக்கணக்கும் ஆராதனையும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கணவருக்கு விதை ஆராய்ச்சியில் வேலை. வந்து பதினோரு மாதம் ஆகிறது. ஊரில் எண்ணூறு பேர் இருந்தால் அதிகம். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். நான் ஈரோடு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், அதனால் வயல் எனக்குப் புதிதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் லுத்தரன் சர்ச்சுக்குப் போகிறவர். வாரம் தவறாமல் என்னையும் கூப்பிடுகிறார். நான் கும்பிடுவது பண்ணாரி மாரியம்மனை. இருந்தாலும் பாட்டி மனம் நோகக் கூடாதென்று நான்கைந்து முறை போய்வந்தேன்.

மொத்தம் முப்பத்தைந்து, நாற்பது பேர். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆராதனை முடிந்ததும் யாரும் கடவுளைப் பற்றிப் பேசுவதில்லை. காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டு மழை, சோள விலை, யார் டிராக்டர் பழுது என்றுதான் பேச்சு. பாஸ்டர் உடனே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். போன மாதம் பொதுச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கொண்டுபோனேன். மூன்று கரண்டிதான் குறைந்திருந்தது.

இவர்கள் வருவது பக்தியாலா, பழக்கத்தாலா? நம்பிக்கை இல்லாத நான் அங்கே போய் உட்கார்வது அவர்களை ஏமாற்றுவது ஆகாதா? நீங்கள் அந்தப் பக்கம் சில வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

எம்.
அயோவா

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏமாற்று ஆகாது. நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று அந்தப் பாட்டியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நற்கருணை நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்கள் எழுந்து போக வழிவிட்டால் போதும், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பக்தியா பழக்கமா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் திருநெல்வேலிப் பக்கம், சர்ச்சைக் 'கோயில்' என்றே சொல்லும் ஊரில் பிறந்தவள். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் கோழியும் முட்டையும் ஏலம் போவதைப் பார்த்து வளர்ந்தவள். அசனம் என்ற கோயில் விருந்துக்கு ஊரே பந்தியில் உட்காரும். அயோவாவின் வடமேற்கு மூலையில் நாங்கள் நான்கு வருடம் இருந்த ஊரில், முதல் சில வாரம் எனக்கும் உங்களுக்கு வந்த கேள்விதான் வந்தது. உருகிப் பாடுகிறவர் இல்லை, எழுந்து சாட்சி சொல்கிறவர் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லாரும் படியிறங்கிப் பேஸ்மென்டுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

அப்புறம் அந்தக் காப்பிப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் "எவ்வளவு?" என்பார். மற்றவர் "எழுபது" என்பார். ஒரு அங்குலத்தில் நூறில் எழுபது பங்கு மழை. வீட்டுக்கு வீடு முற்றத்துக் கம்பத்தில் மழை அளக்கும் குழாய் மாட்டியிருப்பார்கள், காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள். மூன்றாமவர், இரண்டு மைல் தள்ளி இருப்பவர், "எனக்குப் பத்துதான்" என்பார். அப்போது ஒரு சின்ன அமைதி வரும். எழுபது கிடைத்தவர் அதற்குமேல் மழையைப் பற்றிப் பேசமாட்டார். "அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று பேச்சை மாற்றுவார். ஈரோட்டில் மேட்டுக்காடு வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அந்த இடத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். அரை மணி நேரம் முன்னால் மாடியில் எல்லாரும் சேர்ந்து சொன்ன ஜெபத்தின் தொடர்ச்சியாகத்தான் எனக்கு அது கேட்டது.

நிலத்தைப் பற்றிப் பேசினால் பக்தி குறைந்துவிட்டது என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. 1979ல் போப் இரண்டாம் ஜான் பால் அமெரிக்கா வந்தபோது உங்கள் மாநிலத்துக்கும் வந்தார். காரணம், ட்ரூரோ என்ற சிற்றூரின் விவசாயி ஒருவர் கைப்பட எழுதிய கடிதம். அக்டோபர் 4ஆம் தேதி, ஐரிஷ் செட்டில்மென்ட் என்ற இடத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் செயின்ட் பேட்ரிக் கோயிலுக்கு முதலில் போனார். அதற்குப் பிறகுதான் டெ மாய்ன் நகரத்துக்குப் பக்கத்தில், விவசாய வரலாற்றைக் காட்டும் ஒரு பண்ணைவெளியில், 3 லட்சம் பேருக்குமேல் கூடிய திருப்பலி. அங்கே அவர் பேசியதே நிலத்தைப் பற்றித்தான்.

கூட்டம் குறைந்திருப்பதைச் சொன்னீர்கள். அந்தப் பக்கத்து ரோடுகள் நூல் பிடித்ததுபோல் மைலுக்கு ஒன்றாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தைச் சதுர மைல்களாக அளந்தார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். 1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. அதாவது சதுர மைலுக்கு நான்கு அடுப்பு எரியும் என்ற கணக்கு. குதிரை வண்டியில் வந்துபோகும் தூரத்துக்கு ஒரு சர்ச் எழுந்தது. 1935ல் அமெரிக்கா முழுவதும் 68 லட்சம் பண்ணைகள், பண்ணைக்குச் சராசரி 155 ஏக்கர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 லட்சம் பண்ணைகள், சராசரி 463 ஏக்கர். மெஷின் பெரிதாகப் பெரிதாக ஒரே ஆள் பல சதுர மைல்களை உழுகிறார். வாரம் ஆறு நாளும் டிராக்டர் கேபினில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. ஞாயிறு காலையில்தான் இன்னொரு மனிதர் முகத்தைப் பக்கத்தில் பார்க்கிறார்.

பாஸ்டர் அவசரமாகக் கிளம்புவதும் இதனால்தான். இரண்டு மூன்று சபைகள் சேர்ந்துதான் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடிகிறது. எட்டரைக்கு ஒரு ஊர், பத்தரைக்கு அடுத்த ஊர். அவர் மேல் குறை நினைக்காதீர்கள். சபையை நடத்துவது அவர் போன பிறகும் அங்கே நின்று கோப்பை கழுவுகிறவர்கள்.

ஒரு ஞாயிறு என் மகனுக்குக் காய்ச்சல், நாங்கள் போகவில்லை. சரியாகப் பன்னிரண்டே காலுக்கு போன் வந்தது. "உங்கள் பெஞ்ச் காலியாக இருந்தது" என்றார் ஒரு பெரியம்மா. எண்பதைத் தொட்டவர். நாங்கள் அந்தச் சபையில் உறுப்பினர்கூட இல்லை. ஆனால் இடப்பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்ச் எங்களுடையது என்று ஊர் முடிவு செய்துவிட்டிருந்தது. மூன்று மணிக்குக் கோழியும் நூடுல்ஸும் போட்ட சூப் ஒரு பாத்திரம் நிறைய வாசலுக்கு வந்தது. பாத்திரத்தின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் அவர் பெயர். சும்மா திருப்பித் தரக் கூடாது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தபடி அதில் சேமியாப் பாயசம் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் அதை எலுமிச்சை கேக்கோடு என்னிடமே திருப்பி அனுப்பினார். ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அந்தப் பாத்திரம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தது.

அந்தப் பெரியம்மாதான் என்னை வியாழக்கிழமைகளில் போர்வை தைக்கக் கூட்டிப்போனார். உங்கள் சர்ச்சிலும் அனேகமாக இது இருக்கும், விசாரியுங்கள். குயில்ட் என்பார்கள். பழைய சட்டை, திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி மேல்துணி தைப்பார்கள். கீழே ஒரு விரிப்பு, நடுவில் ஒரு பழைய கம்பளி, மேலே இது. மூன்றையும் நீள மேசையில் விரித்து, ஒரு கையகலத்துக்கு ஒரு இடம் என்று தடித்த நூலைக் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை வெட்ட வேண்டும். அளவு அறுபதுக்கு எண்பது அங்குலம். லுத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற அமைப்பு 1945ல் தொடங்கியது. அதன் வழியாக இந்தப் போர்வைகள் கப்பலேறி அகதி முகாம்களுக்குப் போகின்றன. என் முடிச்சுகளை அந்தப் பெரியம்மா இழுத்துப் பார்ப்பார். அவிழ்ந்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போடுவார். "இதைத் துவைப்பவளுக்கு வாஷிங் மெஷின் இருக்காது, கல்லில் அடிப்பாள்" என்று ஒருநாள் சொன்னார். நம் ஊரைப் பார்த்திராத அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

அவர் சின்ன வயதில் மிசூரி சினட் என்ற லுத்தரன் சபைப் பிரிவில் ஞாயிறு பள்ளி படித்தவர். அங்கே இந்தியாவுக்கென்று ஒரு காணிக்கைப் பெட்டி இருந்ததாம். படங்களும் காட்டுவார்களாம். எனக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சபைதான் 1895ல் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கியது, 1907ல் நாகர்கோவிலுக்கு வந்தது. ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனையும் அவர்கள் கட்டியது. என் சித்தி அங்கே நர்ஸாக வேலை பார்த்தவர். சோளம் விற்ற காசிலிருந்து ஒரு சிறுமி பெட்டியில் போட்ட நாணயம் எந்தக் கட்டிலுக்கு, எந்த மருந்துக்குப் போயிருக்கும் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எல்லாமே நல்லதாகச் சொல்லிக்கொண்டு போவதும் நேர்மை இல்லை. அந்த ஊர்கள் எளிதில் கதவு திறப்பதில்லை. அதற்கு ஒரு பழைய பயமும் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது, 1918 மே மாதம், அயோவா கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார். பள்ளி, பொது இடம், ரயில், தொலைபேசி எல்லாவற்றிலும் ஆங்கிலம் மட்டுமே. பிரசங்கமும் ஆங்கிலத்தில்தான், புரியாதவர்கள் வீட்டிலேயே தொழுதுகொள்ளட்டும் என்று அதில் இருந்தது. ஜெர்மனிலும் நார்வேஜியனிலும் ஜெபித்த கிழவர்கள் ஒரே நாளில் ஊமையானார்கள். இன்று உங்கள் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள்.

அதைவிடப் பெரிய காயம் 1980களில் பட்டது. அயோவாவில் ஏக்கர் விலை 1981ல் சராசரி 2,147 டாலர். 1986ல் 787. நிலத்தை அடகு வைத்து, உச்சத்தில் இருந்த வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் ஐந்தே வருடத்தில் நிலைகுலைந்தார்கள். மூன்று தலைமுறைப் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. போன ஒவ்வொரு பண்ணைக்கும் ஒன்று என்று கோர்ட்டுப் புல்வெளியில் வெள்ளைச் சிலுவைகளை நட்டுப் போராடினார்கள். அந்த வருடங்களில் கடன்பட்டவர் முதலில் நிறுத்தியது சர்ச்சுக்கு வருவதை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கிக்காரர் இரண்டு பெஞ்ச் முன்னால். ஏலத்தில் நிலத்தை எடுக்கப்போகிறவர் பின்னால். நடுவில் எப்படி உட்கார்வது?

அந்தப் பெரியம்மா ஒரு வியாழக்கிழமை நூல் கோத்துக்கொண்டே சொன்னார். அவர்களுக்கு முன் பெஞ்சில் ஒரு குடும்பம் இருந்தது. ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டால் அவர்களுக்கு அவமானமாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். நிலம் போய், அந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போனது என்றே தெரியாமல் போயிற்று. "நாங்கள் யாரும் ஒரு போன்கூடப் பண்ணவில்லை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த முடிச்சைப் போட்டார்.

பன்னிரண்டே காலுக்கு வந்த போன் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முப்பது வருடமாக அந்தப் பெண்மணி ஞாயிறுதோறும் பெஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இது பக்தியா பழக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, எம். வாரம் தவறாமல் செய்தால்தான் அதைச் செய்யவே முடியும். வராதவரைக் கவனிக்க வேண்டுமானால் தான் வந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்களுடைய ஆராதனையில் நான் கண்ட பெரிய விஷயம் இதுதான். உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி வாரா வாரம் உங்களைக் கூப்பிடுவதையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். மதம் மாற்ற நினைத்திருந்தால் பதினோரு மாதத்தில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அவருடைய எண்ணிக்கையில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள்.

அதனால் போங்கள். ஞாயிறு மனம் ஒப்பாவிட்டால் வியாழக்கிழமை போங்கள். முடிச்சுப் போட எந்தச் சாமியும் குறுக்கே நிற்காது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் புதன்கிழமை இரவுகளில் சூப்பும் ரொட்டியும் இருக்கும். அந்த ஊர்களில் புதன் மாலை சர்ச்சுக்கு என்று பள்ளிக்கூடங்கள்கூட விளையாட்டுப் போட்டி வைக்காமல் விட்டுவிடுவது உண்டு. இலையுதிர் காலத்தில், அனுப்புவதற்கு முன்னால், முடித்த போர்வைகளை எல்லாம் பெஞ்சுகளின் முதுகில் விரித்துப்போட்டு ஜெபிக்கும் ஞாயிறு ஒன்று வரும். அதை மட்டும் தவற விடாதீர்கள். வெளிறிய அந்த மரப் பெஞ்சுகள் அன்றைக்கு நம் ஊர்த் திருவிழாக் கடைபோல நிறம் நிறமாக இருக்கும்.

புளியோதரை விஷயத்தில் மனம் தளர வேண்டாம். காளான் சூப்பில் வேகவைத்த கேஸரோலையே ஆயுள் முழுக்கச் சாப்பிட்டவர்களுக்குப் புளி புதிது. மூன்று கரண்டி குறைந்தது என்றால் மூன்று பேர் உங்களுக்காக எடுத்திருக்கிறார்கள். மறுபடியும் கொண்டுபோங்கள், மிளகாயைக் குறைத்து, நிலக்கடலை கூடப் போட்டு. பாத்திரத்தின் அடியில் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். தமிழிலேயே எழுதினாலும் சரிதான். யாருடைய பாத்திரம் என்று அவர்களுக்குத் தெரியும்.