டிஸ்னி பெரியவர்களுக்கான படங்களை ஏன் வேறு பெயரில் வெளியிட்டது? இது பெற்றோரை ஏமாற்றும் வேலை இல்லையா?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, ஏதோ ஒரு படத்தைப் பாதியில் அணைக்க வேண்டி வந்திருக்கிறது, அப்புறம் தேடிப் பார்த்ததில் அதன் பின்னால் இருப்பது டிஸ்னி என்று தெரிந்திருக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தத் தனிப் பெயர்தான் பெற்றோருக்கு இருந்த உருப்படியான காவல் என்பேன் நான்.

எழுபதுகளின் கடைசியில் டிஸ்னி படம் என்றாலே அது சின்னப் பசங்களுக்கு என்று வளர்ந்த பிள்ளைகள் ஒதுக்கினார்கள். 1979இல் 'தி பிளாக் ஹோல்' என்ற விண்வெளிப் படத்தை பிஜி சான்றிதழோடு, அதாவது பிள்ளைக்கு ஏற்றதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்போடு, வெளியிட்டுப் பார்த்தார்கள். அதிலும் சிக்கல் தீரவில்லை. வால்ட் டிஸ்னியின் மருமகன் ரான் மில்லர்தான் 1984இல் டச்ஸ்டோன் என்ற தனிப் பெயரைத் தொடங்கினார். முதல் படம் 'ஸ்பிளாஷ்', கடற்கன்னி காதல் கதை. அதுவும் பிஜிதான், ஆனாலும் உடையில்லாத காட்சிகள் உண்டு. இரண்டே வருடத்தில் 'டவுன் அண்ட் அவுட் இன் பெவர்லி ஹில்ஸ்' ஆர் சான்றிதழோடு வந்தது, அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போக முடியும். 1990இல் வந்த 'பிரெட்டி வுமன்' பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் கதை. அதன் தொடக்கத்தில் டிஸ்னியின் சின்னமான அந்த நீல நிற அரண்மனைக் கோட்டை வந்திருந்தால், அன்றைக்குத் தியேட்டரில் உங்கள் நிலைமை என்ன?

உடனே "வியாபாரத்துக்குத்தானே செய்தார்கள், நீங்கள் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று கருத்தில் எழுதாதீர்கள். வியாபாரத்துக்குத்தான், சந்தேகமே இல்லை. இரண்டு கூட்டத்திடமும் டிக்கெட் விற்க வேண்டும், ஒன்றால் இன்னொன்று கெடக்கூடாது. அந்தக் கணக்கால் பெற்றோருக்கும் நன்மை கிடைத்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் மேற்படிப்பு படித்தபோது பல்கலைக்கழக நூலகத்தில் வீடியோ கேசட் கொடுக்கும் கவுண்டரில் பகுதிநேர வேலை பார்த்தேன். குடும்பத்தோடு தங்கிப் படித்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்களிடம் இருந்த டிஸ்னி கேசட்டுகள் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும், புத்தகம் மாதிரி திறக்கும். டச்ஸ்டோன் கேசட்டுகள் சாதாரண அட்டை உறையில். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூட தூரத்திலிருந்தே வெள்ளைப் பெட்டியைக் கைகாட்டும். பெற்றோரும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவர், ஆராய்ச்சியாளர், ஐந்து வயது மகளுக்காக 'ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்' கேசட்டை எடுத்து வந்தார். "சார், உறையில டச்ஸ்டோன்னு இருக்கு பாருங்க. கார்ட்டூன் மாதிரிதான் தெரியும், ஆனா சில இடம் குழந்தைக்கு ஆகாது. முதல்ல நீங்க ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க" என்றேன். "என்னப்பா, முயல் படம்தானே? அதுவும் டிஸ்னிக்காரன் எடுத்ததுதான், பேப்பர்ல படிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படத்தில் ஒரு குட்டிக் கார்ட்டூன் ஷூ வரும். வில்லன் டூமின் காலை நாய்க்குட்டி மாதிரி உரசிக்கொண்டு நிற்கும். அவன் அதைத் தூக்கி, ரசாயனம் நிரம்பிய தொட்டியில் மெதுவாக அமுக்குவான். அது கத்திக்கொண்டே கரையும். பெரியவர்களுக்கே நெஞ்சைப் பிசையும் இடம். அந்தப் பெண் குழந்தை இரவெல்லாம் தூங்கவில்லையாம். தன் செருப்பைத் தொடவே பயந்ததாம். திங்கட்கிழமை அவர் கேசட்டைத் திருப்பித் தந்த கையோடு மேலதிகாரியிடம் புகாரும் கொடுத்தார்.

நான் எச்சரித்ததைச் சொன்னேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதில், மாணவர்கள் முத்திரை குத்திக் கொடுத்தால் போதும், படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தேவையில்லை என்பது. சரி, அப்படியானால் ஒவ்வொரு உறையிலும் சான்றிதழுக்குத் தகுந்த நிறத்தில் சின்னப் பொட்டு ஒட்டிவிடலாமே என்று எழுதிக் கொடுத்தேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அடுத்த பருவத்தில் நிறப் பொட்டுகள் வந்தன, நிரந்தர ஊழியர் ஒருவரின் யோசனை என்று அறிவிப்புப் பலகையில் பாராட்டும் வந்தது. மணிக்கணக்குச் சம்பளம் வாங்கும் மாணவன் சொன்னால் அது யோசனை ஆகாது போல. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பெயரை மட்டும் நம்பினால் போதும் என்றும் சொல்லமாட்டேன். 1993இல் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' இருட்டாக இருக்கிறது என்று டச்ஸ்டோன் பெயரில் விட்டார்கள். மக்கள் கொண்டாடியதும் பின்னாளில் அதே படத்தில் டிஸ்னி பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அதே 1993இல் வெய்ன்ஸ்டீன் சகோதரர்கள் நடத்திய மிராமாக்ஸ் என்ற பட நிறுவனத்தை வாங்கினார்கள். 1995இல் 'கிட்ஸ்' என்ற, பெயரில் மட்டும் குழந்தைகள் இருக்கும் பெரியவர்கள் படம் வந்தபோது மிராமாக்ஸ் பெயர்கூட அதில் வரக்கூடாது என்றாகிவிட்டது. அந்தச் சகோதரர்கள் அதற்கென்றே தனி நிறுவனம் ஆரம்பித்து வெளியிட்டார்கள். வேலிக்கு வெளியே இன்னொரு வேலி. 2003இல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' பிஜி-13 சான்றிதழோடு, அதாவது 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாத இடங்கள் இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு, டிஸ்னி பெயரிலேயே வந்தது. அதற்கப்புறம் கோட்டையைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்க முடியாது என்றாகிவிட்டது.

உங்கள் கோபத்தைத் திருப்ப வேண்டிய இடம் இன்றைய ஸ்ட்ரீமிங். டச்ஸ்டோன் 2016க்குப் பிறகு படம் விடவில்லை. 2019இல் ஃபாக்ஸ் பட நிறுவனத்தை வாங்கி, பிறகு அதன் பெயரை ட்வென்டியத் சென்சுரி ஸ்டூடியோஸ் என்று மாற்றினார்கள். பெயர் தனியாகத்தான் இருக்கிறது, ஆனால் 2022இல் அமெரிக்காவில் 'டெட்பூல்', 'லோகன்' என்ற ஆர் படங்களை டிஸ்னி பிளஸ் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். வெள்ளைப் பெட்டியும் அட்டை உறையும் ஒரே அலமாரிக்கு வந்துவிட்டன. அதனால் உங்கள் பிள்ளைக்குக் குழந்தைகள் கணக்கு ஒன்றைத் தனியாகத் தொடங்கிவிடுங்கள். பெரியவர்கள் கணக்கில் வயது வரம்பு வைத்து ரகசிய எண்ணும் போடுங்கள், அந்த எண்ணைப் பிள்ளை பார்க்க அழுத்தாதீர்கள்.