மெஸ், லாட்ஜ், பந்திக் கணக்கு: இந்த வாரக் கடிதங்கள்

தடைக்காலத்தில் மீன் குழம்பை நிறுத்திவிடலாமா? (காசிமேடு, மெஸ்)

எதற்கு நிறுத்தணும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரும். நெத்திலி, காரப்பொடி மாதிரிச் சின்ன மீன் கிடைக்கும். விலைதான் தினம் மாறும். மாதக் கணக்குக்காரர்களிடம் "மீன் தனி ரேட்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐஸ் மீனைக் காலையில் வந்த மீன் என்று மட்டும் போடாதீர்கள்.

100 பேருக்கு எவ்வளவு அரிசி? (வியாசர்பாடி)

சாப்பாடா, பிரியாணியா? யார் சாப்பிடுகிறார்கள்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? புழுங்கலரிசிச் சோறு என்றால் 12 கிலோ, மூட்டை தூக்குகிறவர்கள் என்றால் 15. பிரியாணிக்கு அரிசி 10, கறி 10. பந்தி எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். மணி தெரியாமல் அடுப்பு மூட்டக் கூடாது.

டிபன் கடையில் வீட்டு சிலிண்டர்? (பெரம்பூர்)

கூடவே கூடாது. 14.2 கிலோ வீட்டுக்கு, 19 கிலோ கடைக்கு.

ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் நன்றாகச் சூடு பண்ணினால் போதுமா? (தண்டையார்பேட்டை)

போதாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது, மனசு ஆறவில்லை. அரிசியோடு வரும் ஒரு பாக்டீரியாவின் வித்து கொதியிலும் சாகாது. அண்டாவை மூடி அப்படியே விட்டால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அந்தச் சூட்டில் வித்து முளைத்து நஞ்சு விடும். பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சமையற்கட்டு. காலை 6 மணிக்கு அண்டாவைத் திறந்தேன். மேல்சோறு வறண்டிருந்தது. கரண்டியை அடிவரை விட்டுப் புரட்டினால் இன்னும் ஆவி. சோறு லேசாக நூல் விட்டது. முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு இறக்கியதாம். "புளி கரைத்துத் தாளித்தால் தெரியாதுங்க" என்றார் மாஸ்டர். மொத்தத்தையும் கொட்டவைத்தேன்.

பரிமாறும் வரை 60 டிகிரிக்குக் குறையவிடாதீர்கள். மிஞ்சினால் உடனே அகலத் தட்டுகளில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வையுங்கள்; அங்கே 5 டிகிரிக்குள் இருக்கணும். இறக்கிய மணியை அண்டா மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். மணி எழுதாத அண்டாவை நான் நம்புவதில்லை.

லாட்ஜில் வெளிநாட்டவர் தங்கினால்? (மண்ணடி)

24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் சொல்லும் படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) ஆன்லைனில் ஏற்றணும். பாஸ்போர்ட், விசா இரண்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. அந்த 24 மணி அவர் வந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, அதனால் இங்கேயும் மணியைக் குறித்து வையுங்கள்.