விலைப்புள்ளியில் "12, 500": அந்த இடைவெளியை எடுங்கள்

நீங்கள் அனுப்பிய வரி: "ஜன்னல், கிரில் 12, 500 ரூபாய்." வாடிக்கையாளர் இதை "12 கிரில், ஒன்று 500" என்று படித்ததில் அவர் மேல் தப்பில்லை. சொற்களுக்கு நடுவே காற்புள்ளி போட்டால் அடுத்து ஒரு இடைவெளி விடுவோம். எண்ணுக்குள் விடவே கூடாது. விட்டால் வரி முடியும் இடத்தில் வேர்டு அங்கேயே உடைத்து, 12 மேல் வரியிலும் 500 கீழ் வரியிலுமாக நிற்கும்.

இப்படி எழுதுங்கள்: "ஜன்னல், 4 அடிக்கு 3 அடி, 2 எண்ணம்; கிரில், அதே அளவு, 2 எண்ணம். மொத்தம் ரூ.12,500/-."

ஒவ்வொரு பொருளின் விவரத்துக்குள்ளும் காற்புள்ளி இருப்பதால், பொருளுக்குப் பொருள் பிரிக்க அரைப்புள்ளி. இங்கே காற்புள்ளியையே போட்டால் எந்த 2 எதற்கு என்று தேட வேண்டிவரும். "/-" போடுவது பின்னால் யாரும் இலக்கம் சேர்க்காமலிருக்க; கூடவே ".00" எதற்கு? லட்சத்தை எக்செல் 125,000 என்று காட்டினால், விண்டோஸ் ரீஜியன் அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்; 1,25,000 ஆகிவிடும்.

ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்பதைத் தொகையோடு ஒட்டாமல், முற்றுப்புள்ளி வைத்துத் தனி வாக்கியமாகவே எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் வரும்.