ஆய்வுக் கட்டுரைக்கு ஆங்கிலத் துணை: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய என் கட்டுரை, ஆங்கிலம் மேம்பட வேண்டும் என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. இணையவழி மொழித்திருத்த நிறுவனத்துக்குப் பணம் கட்டலாமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில், இது உங்கள் ஒருவருடைய குறை என்று எண்ண வேண்டாம். 2023இல் பிளோஸ் பயாலஜி இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் விசாரித்து, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று காட்டியது. இந்தச் சுமை நியாயமற்றது என்பதே என் கருத்து.

ஆயினும் பணம் கட்டுவதற்கு முன் கட்டுரையை ஒருமுறை வேறு கண்ணோடு படித்துப் பாருங்கள். கட்டுரையை மதிப்பிடும் நடுவர்கள் மொழிக் குறை என்று எழுதுவது பல நேரங்களில் இலக்கணப் பிழையை மட்டும் குறிப்பதில்லை. முந்தைய ஆய்வுகள் எதை விட்டுவைத்தன என்பது முன்னுரையில் தெளிவாக இல்லாததும், முடிவுகளும் விவாதமும் ஒன்றோடொன்று கலந்துகிடப்பதும், தரவுகள் தாங்கக்கூடியதைவிட உறுதியான கூற்றுகளை முன்வைப்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றை உங்கள் துறையை அறியாத திருத்துநர் சரிசெய்ய இயலாது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் பிரேஸ்பேங்க் என்ற இணையதளத்தை இதற்காகவே பரிந்துரைக்கிறேன். ஆய்வு முறையை விவரிப்பது, முடிவுகளை அறிவிப்பது, பிறர் ஆய்வை மறுப்பது, ஐயத்தோடு கூறுவது என ஒவ்வொரு தேவைக்கும் உரிய வாக்கியச் சட்டகங்கள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை எந்தத் துறைக்கும் பொதுவானவை என்பதால் பயன்படுத்துவது கருத்துத் திருட்டு ஆகாது. இணையவழிப் பாடங்களை வழங்கும் கோர்செரா தளத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் சைனானி நடத்தும் அறிவியல் எழுத்துப் பாடமும், நீண்டு கிடக்கும் வாக்கியங்களைச் சுருக்கி, வினைச்சொற்களுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்பதை நன்றாகக் கற்பிக்கிறது.

இவற்றுக்குப் பிறகும் தேவைப்பட்டால் கட்டணத் திருத்தத்தை நாடலாம். உங்கள் துறையில் பயிற்சி உள்ளவரையே கேளுங்கள். செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் கோப்பில் தெரியும்படி வர வேண்டும். பொருள் மாறியிருந்தால் அந்தத் திருத்தத்தை ஏற்காதீர்கள். கட்டுரை வெளிவருவது உறுதி என்றோ, ஆசிரியர் பட்டியலில் இடம் வாங்கித் தருவதாகவோ சொல்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தினால் தவறா?
– உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: மொழியைச் செம்மைப்படுத்த மட்டும் பயன்படுத்துவதைப் பல ஆய்விதழ்கள் அனுமதிக்கின்றன. சில பதிப்பகங்கள் அதையும் வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. ஆகவே அந்தந்த இதழின் நெறிமுறையைப் படித்துவிட்டே தொடங்குங்கள். இத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிட முடியாது என்று, பதிப்பு நெறிமுறைகளுக்கான கோப் அமைப்பு 2023இல் தெளிவுபடுத்தியது. எனவே அந்தக் கருவி சேர்த்த ஒவ்வொரு மேற்கோளுக்கும் பொறுப்பு உங்களுடையதே. இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் அது மேற்கோள் காட்டுவதுண்டு என்பதால், துணைநூற்பட்டியலை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். இன்னும் வெளியிடாத தரவுகளையும் அதில் இட வேண்டாம்.