கடை வேலையைத் தானாக ஓடவைக்க மூன்றரை இலட்சமா?

கேள்வி: திருகோணமலை டவுனில் அண்ணாவும் நானும் ஹாட்வெயார் கடை நடத்துகிறோம். வேலைக்கு நாலு பேர், ஒரு லொறி. ஓடர் கொஞ்சம் போனில் வருகிறது, கொஞ்சம் வட்ஸ்அப்பில் வருகிறது. சிலது விடுபட்டுப் போகிறது. கடன் கொப்பியில் உள்ளதைக் கேட்க மறந்துவிடுகிறோம். போன மாதம் ஒரு செக்கைத் திகதிக்கு வங்கியில் போடவும் தவறிவிட்டோம். வெளியூரில் இருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் ‘ஓட்டோமேஷன்’ செய்து தருகிறேன் என்கிறார். மூன்றரை இலட்சம் ரூபா, பிறகு வருடாவருடம் 60,000. கடன்காரர்களுக்கு வட்ஸ்அப் மெசேஜ் தானாகவே போகுமாம். அண்ணாவுக்கு விருப்பம், எனக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் இருப்பது மூன்று தொல்லை. ஓடர் விடுபடுவதையும் செக் திகதி தவறுவதையும் காசு செலவில்லாமல் இந்தக் கிழமையே சரிசெய்யலாம். மூன்றாவது, கடன் கேட்பது. அதை மெஷினிடம் முழுதாகக் கொடுக்கவே கூடாது. அப்படியிருக்க மூன்றரை இலட்சம் எதற்கு?

இந்த மென்பொருள்கள் எல்லாம் செய்வது ஒரே வேலை. ஓரிடத்தில் ஒன்று நடந்தால், இன்னோரிடத்தில் இன்னொன்றைச் செய்யும். புது ஓடர் பதிவானால் லொறிக்காரருக்கு அறிவிக்கும், திகதி நெருங்கினால் உங்களுக்குச் சொல்லும். ஸாப்பியர், மேக், பவர் ஓட்டோமேட் என்று பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது இதுதான். ஆனால் ஓடர் முதலில் ஓரிடத்தில் பதிவாக வேண்டுமே. அண்ணாவின் போனில் கொஞ்சம், கவுண்டரில் நிற்கும் பொடியனின் ஞாபகத்தில் கொஞ்சம், பழைய பில்லின் பின்பக்கத்தில் கொஞ்சம் என்று கிடந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே முதலில் கடைக்கென்று ஒரு புது ஜிமெயில் திறங்கள். அதில் ஒரு கூகுள் போர்ம், அதாவது போனிலோ கொம்பியூட்டரிலோ நிரப்புகிற படிவம். பெயர், போன் இலக்கம், இடம், சாமான், அளவு, எந்தத் திகதிக்கு வேண்டும், காசா கடனா என்று ஏழு பெட்டி போதும். இடத்தை மட்டும் யாரையும் எழுத விடாதீர்கள், பட்டியலில் இருந்து தெரிவு செய்யட்டும். கிண்ணியா, மூதூர் ஒரு வரி. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி ஒரு வரி. தம்பலகாமம், கந்தளாய் ஒரு வரி. டவுன் ஒரு வரி. லொறி போகிற பாதைகள் அவைதானே. எழுத விட்டால் ஒருவர் கிண்ணியா என்பார், மற்றவர் கின்னியா என்பார், பதிவுகள் போய் விழுகிற அட்டவணைக்கு அது இரண்டு ஊர்.

ஓடர் வட்ஸ்அப்பில் வந்தாலும், போனில் வந்தாலும், மேசன் நேரே வந்து சொன்னாலும், கவுண்டரில் நிற்பவர் அந்த நிமிடமே போர்மில் போட வேண்டும். போர்மில் இல்லாத சாமான் லொறியில் ஏறக் கூடாது. இதற்கு அண்ணாவும் கட்டுப்பட வேண்டும். முதலாளியே வாயால் சொல்லிச் சாமான் அனுப்புகிற கடையில் இது ஒரு மாதம்கூடத் தாங்காது. போர்மில் போட்டதெல்லாம் கூகுள் ஷீட் என்ற அட்டவணையில் ஒவ்வொரு வரியாக விழும். காலையில் திகதியையும் பாதையையும் வைத்து வடிகட்டினால் அன்றைய லொறிப் பட்டியல் கையில். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கிண்ணியாவில் சாமான் இறக்க ஆள் கிடைக்காது, காலையிலேயே போய்விட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பாதையின் பெயருக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் சாதாரண செயலியை விட்டு வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாறுங்கள். அதே இலக்கம், அதுவும் இலவசம். போனைத் தவிர இன்னும் நாலு கருவிகளை அதோடு இணைக்கலாம் என்பதால் கவுண்டர் கொம்பியூட்டரிலும் அதே மெசேஜ்கள் தெரியும். அண்ணா போனோடு மூதூர் போய்விட்டாலும் ஓடர் கடையில் நிற்பவரின் கண்ணில் படும். பாதித் தொல்லை இதோடு தீரும்.

செக்குக்குத் தனி ஷீட் வையுங்கள். யார் தந்தது, எந்த வங்கி, இலக்கம், தொகை, திகதி. நீங்கள் கொம்பனிகளுக்குக் கொடுத்த செக்குகளையும் அதிலேயே எழுதுங்கள், ஏனென்றால் திரும்பினால் பெயர் கெடுவது அவற்றால்தான். கூகுள் ஷீட்டுக்குள்ளேயே ஆப்ஸ் ஸ்க்ரிப்ட் என்று, கட்டளைகள் எழுதி வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பத்திருபது வரி எழுதி வைத்தால், தினமும் காலையில் அது தானாக ஓடி, அடுத்த மூன்று நாளில் திகதி வருகிற செக்குகளைப் பொறுக்கி உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். கொம்பியூட்டர் படிக்கிற ஒரு பிள்ளை அரை நாளில் செய்து தரும். சாதாரண ஜிமெயில் கணக்கில் இப்படி ஒரு நாளைக்கு 100 பேருக்கு வரை அனுப்பலாம், உங்களுக்கு இரண்டு பேர் போதும்.

இதில் எல்லோரும் மாட்டுகிற இடம் திகதி. ஷீட் அமெரிக்க முறையில் திறந்திருந்தால், 03/04 என்று நீங்கள் அடிக்கிற ஏப்ரல் 3ஐ அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று எதுவும் காட்டாது. 12ஆம் திகதிக்குப் பிறகு வருகிறவற்றில்தான் தடுமாறும், அதனால் பல கிழமைக்குக் கண்ணில் படாமலே இருக்கும். செட்டிங்ஸில் லொகேல் என்ற இடத்தில் யுனைடட் கிங்டம் என்று வைத்துவிடுங்கள், நாள் முதலில் வரும் முறை அது. நேர வலயமும் கொழும்பு என்று இருக்க வேண்டும், ஷீட்டில் ஒரு தடவை, ஸ்க்ரிப்டில் தனியாக ஒரு தடவை. நியூயோர்க் நேரத்தில் கிடந்தால் காலை 6 மணிக்கு வர வேண்டிய நினைவூட்டல் உங்களுக்குப் பிற்பகல் மூன்றரைக்கோ நாலரைக்கோ வரும். அதற்குள் வங்கி மூடிவிடும்.

இனி அந்த வெளியூர்க்காரர். வருடாவருடம் 60,000 எதற்கு என்று முதலில் கேளுங்கள். ‘ரினீவல்’ என்பார். எதை ரினீவ் செய்கிறார், யாருக்குக் கட்டுகிறார், அந்த ரசீது எங்கே? ஸாப்பியரின் இலவசக் கணக்கில் மாதம் 100 வேலைதான் ஓடும், நாளுக்கு நாலு ஓடர் என்றால் மாத முடிவுக்கு முன்பே தீர்ந்துவிடும். அதற்கு மேல் டொலரில் கட்ட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கி அட்டையில் இருக்க வேண்டும். இங்கே நான் திரும்பத் திரும்பக் காண்கிற கொடுமை இதுதான்: செய்து கொடுக்கிறவர் எல்லாவற்றையும் தன் ஜிமெயிலில் திறந்துவிடுகிறார். உங்கள் வாடிக்கையாளர் யார், யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவர் கையில். அடுத்த வருடம் காசு கட்டப் பிந்தினால் கடையே நின்றுவிடும். பாஸ்வேர்ட் கேட்டால் ‘அது சேர்வர் விஷயம், உங்களுக்கு விளங்காது’ என்பார்கள். விளங்காது என்று சொல்கிறவரிடம் கடையைக் கொடுக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த வட்ஸ்அப் மெசேஜ். தானாக மெசேஜ் அனுப்ப வட்ஸ்அப்பே ஒரு முறை வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரத்துக்குள் என்றால் நீங்கள் விரும்பியபடி பதில் அனுப்பலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே அனுமதி பெற்ற வாசகத்தைத்தான் அனுப்பலாம், அதற்குக் காசும் உண்டு. இதற்கெல்லாம் கடையின் பெயரில் பதிவு வேண்டும். மலிவாகச் செய்து தருகிறவர்கள் பலர் இந்த வழியால் போவதில்லை. உங்கள் போனில் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொல்லி, வட்ஸ்அப் வெப் போல உள்ளே புகுந்து, ஒரு களவு மென்பொருளால் மெசேஜ்களைத் தள்ளுவார்கள். வட்ஸ்அப் அதைக் கண்டுபிடித்தால் இலக்கத்தையே தடைசெய்துவிடும். அந்த இலக்கம் கடைப் பலகையில் இருக்கிறது, லொறிக் கதவில் இருக்கிறது, ஊரில் உள்ள மேசன்மாரின் போன்களில் எல்லாம் இருக்கிறது. போனால் போனதுதான். அதுவரை உங்கள் மெசேஜ் எல்லாவற்றையும் அவர் வாசிக்கவும் முடியும். ஆகவே கியூஆர் ஸ்கேன் என்று பேச்செடுத்தாலே அவரை அனுப்பிவிடுங்கள்.

‘வட்ஸ்அப் வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்புவோம்’ என்றால் இன்னொரு கணக்கு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து, தமிழில் 70 மட்டும். வணக்கம், பெயர், தொகை, கடைப் பெயர் போட்டாலே இரண்டாகிவிடும். ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர் சொல்கிற விலையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

கடன் கேட்பதை மெஷினிடம் விடாதீர்கள் என்றேனே. ஷீட்டுக்குத் தெரிந்தது திகதி மட்டும். கடன்காரர் வீட்டில் செத்த வீடு நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. முற்றத்தில் பந்தல் போட்டு, பிரேதத்தை எடுக்க ஆயத்தமாகிற நேரத்தில் மகனின் போனுக்கு உங்கள் கடைப் பெயரில் ‘நிலுவை ரூபா 84,500, உடன் செலுத்தவும்’ என்று வரும். நீங்களே அந்தப் பந்தலுக்குள் கதிரையில் இருந்தாலும் இருப்பீர்கள். கிண்ணியாவில் ஜனாஸா வீட்டுக்கும் இதே கதைதான். அந்தக் குடும்பம் உங்களிடம் திரும்பி வராது, அவர்களின் சொந்தக்காரரும் வர மாட்டார்கள், அந்த வீட்டைக் கட்டிய மேசன் அடுத்த வேலைக்குச் சீமெந்தை வேறு கடையில் எடுப்பான். பிழைதான், மன்னியுங்கள் என்று பிறகு சொல்லலாம், ஆனால் கொம்பியூட்டர் அனுப்பியது என்ற விளக்கத்தை ஒருவரும் ஏற்க மாட்டார்கள். அந்தியேட்டி முடியும்வரை கடன் கேட்கக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் ஷீட்டில் எழுதுவதில்லை.

அதனால் மெஷின் உங்களுக்கு மட்டும் சொல்லட்டும். திங்கட்கிழமை காலை, தவணை கடந்தவர்களின் பட்டியல் அண்ணாவுக்கும் உங்களுக்கும் வரட்டும். இரண்டு பேரும் அதைப் பார்த்து, கேட்கக் கூடாதவர்களுக்கு நேரே ‘நிறுத்து’ என்று போடுங்கள். செத்த வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர், அரசாங்க வேலை செய்துவிட்டு பில் பாஸாகாமல் மாதக் கணக்கில் அலைகிற கொந்தராத்துக்காரர். மீதிப் பேருக்கு நீங்களே போன் எடுங்கள். எடுத்துப் பேசினால் வருகிற காசு மெசேஜுக்கு வராது.

வாடிக்கையாளர் வங்கியில் போட்ட காசு தானாக ஷீட்டில் விழ வேண்டும் என்றும் நினைப்பீர்கள். விழ வேண்டியதுதான். ஆனால் சிறு கடைக்காரர் தன் கணக்குக்கு வந்த தன் காசின் விபரத்தைத் தன் ஷீட்டில் எடுக்க, வங்கிகள் இலகுவான வழி திறந்து வைக்கவில்லை. பெரும்பாலும் பிடிஎஃப்தான் தருகிறார்கள், அதைப் பார்த்து நாங்கள் கையால் அடிக்க வேண்டும். ஸ்லிப்பின் படம் வந்தவுடன் சாமான் ஏற்றாதீர்கள், படத்தில் தொகையை மாற்றுவது இப்போது பெரிய வேலையில்லை. கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே ‘கட்டியாயிற்று’ என்று குறியுங்கள். ஊழியர் நிதிகளும் இப்படித்தான். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளியே இன்னொரு 3 வீதம். அதே நாலு பேர், அதே சம்பளம், ஆனால் இரண்டு இடத்துக்கு இரண்டு படிவம். இதை ஒன்றாக்க இவ்வளவு காலம் எடுக்குமா? கட்ட வேண்டிய கடைசி நாளையாவது செக் நினைவூட்டலோடு சேர்த்துவிடுங்கள். கடை வாட் பதிவுள்ளது என்றால் பில் விஷயத்தைக் கணக்காளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாரி தொடங்கினால் கட்டட வேலை குறையும், கடையிலும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதையெல்லாம் அப்போது பழகலாம். அதற்குப் பிறகும் ஸ்டொக், பில் என்று பெரிய மென்பொருள் தேவைப்பட்டால் அந்த மனிதரையே கூப்பிடுங்கள். ஒரு வேலையை மட்டும் கொடுங்கள், கணக்குகள் கடை ஜிமெயிலில் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள், வேலை ஓடுவதைப் பார்த்துப் பார்த்துக் காசைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். அதுவரை கடன் கொப்பியை மூட வேண்டாம். ஒரு மாதம் கொப்பியும் ஷீட்டும் சேர்ந்தே ஓடட்டும், மாத முடிவில் இரண்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால், பாதிக் காசு கட்டிவிட்டுப் போனவர்களின் வரிகளை முதலில் பாருங்கள்.