வீடு வந்தால் ஆஸ்பத்திரி தானாக வருமா?

கேள்வி: எங்கள் பக்கம் கருவேலங்காடும் பனந்தோப்பும் மளமளவென்று பிளாட் ஆகின்றன. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. "முதலில் ஊர் வளரட்டும், வீடு வந்தால் ஆஸ்பத்திரி தானாக வரும்" என்கிறார் எங்கள் மனை வணிகர். நீங்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு இதழிலும் இதைக் குறை சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகர், திருப்புல்லாணி

பதில்: தானாக வராது. எனக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையில் எந்த ஊருக்கும் அப்படி வந்ததில்லை. யாராவது பத்துத் தடவை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்கியிருப்பார்கள், யாராவது நாலு சென்ட்டோ பத்து சென்ட்டோ எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதற்கப்புறம்தான் வந்திருக்கும். உங்கள் மனை வணிகர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்தால், நாளைக்கு எழுதிக் கொடுக்க அந்த நாலு சென்ட்டும் மிஞ்சாது.

கணக்கைப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு கிராம நர்ஸ் இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. பத்து ஏக்கர் லேஅவுட்டில் ரோடு, பூங்கா போக 150 மனையாவது தேறும். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 600 பேர். 600 பேருக்கு யாரும் தனி நர்ஸ் கேட்க முடியாது, சரி. ஆனால் அதே மாதிரி எட்டு லேஅவுட் ஒரே ரோட்டில் வரிசையாக வந்தால் 4,800 பேர், கிட்டத்தட்ட ஒரு துணை சுகாதார நிலையத்துக்கான ஆள் கணக்கு. கோளாறு இங்கேதான். ஒவ்வொரு லேஅவுட்டும் தனித்தனி ஃபைலாகப் போகிறது, தனித்தனியாக அனுமதி வாங்குகிறது, எட்டையும் கூட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. தண்ணீர் தேங்கும் இடமா என்று கேட்கிறார்கள், விளைநிலமா என்று வேளாண்மைத் துறையைக் கேட்கிறார்கள். இத்தனை குடும்பம் வரப்போகிறதே, இருக்கிற நர்ஸ் போதுமா என்று சுகாதாரத் துறையைக் கேட்ட தாளை நான் புரட்டிப் பார்த்த எந்த லேஅவுட் ஃபைலிலும் கண்டதில்லை.

சரி, ஆட்களையாவது ஒழுங்காக எண்ணுகிறோமா? கையில் இருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011-இல் எடுத்தது. அப்போது மாவட்டத்தில் 13.53 லட்சம் பேர். 2021-இல் எடுத்திருக்க வேண்டியது தள்ளித் தள்ளி 2027-க்குப் போய்விட்டது. நடுவில் வளைகுடாவில் சம்பாதித்து கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீடு கட்டியவர்கள், கடலோரத்தை விட்டு ரோட்டோரம் குடிவந்த மீனவக் குடும்பங்கள், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்கள், இவர்களில் ஒருவரும் அந்தக் கணக்கில் இந்த முகவரியில் இல்லை.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள், ஒரு கிராம சுகாதார செவிலியரோடு காலையிலிருந்து மத்தியானம் வரை நடந்தேன். தோளில் நீலப் பெட்டி, கையில் ரிஜிஸ்டர். பழைய ஊரின் தெருக்கள் அதில் வரிசையாக, மையில், அழகான கையெழுத்தில் இருந்தன. புது நகரின், அதாவது புதிதாக மனை போட்ட லேஅவுட்டின், குடும்பங்கள் கடைசிப் பக்கத்தில், அட்டையை ஒட்டி, பென்சிலில். ஏன் பென்சில் என்று கேட்டேன். "வாடகைக்கு வர்றவங்க மாறிக்கிட்டே இருக்காங்க சார், மையில எழுதுனா பக்கம் பத்தாது" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு எட்டாவது மாதம், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெயர் பதிகிறார், ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. மூன்றாம் மாதமே கண்ணில் பட்டிருந்தால் இரும்புச்சத்து மாத்திரையிலேயே தேற்றியிருக்கலாம். நர்ஸம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் பார்க்க வேண்டிய ஆட்களைவிட எவ்வளவோ அதிகம் பேரைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மருத்துவக் கல்லூரி பற்றிச் சொன்னீர்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் நம்முடையதும் ஒன்று. இந்த மாவட்டத்துக்கு அது பெரிய வரம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் சுகர் மாத்திரைக்கும் எல்லோரும் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும் என்றால், உயிருக்குப் போராடி வருகிறவரை அங்கே யார் நிதானமாகப் பார்ப்பது? பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், வண்டி வர 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். 2025-இல் திறந்த புதுப் பாலம் ரயிலுக்கு மட்டும். ஆடி அமாவாசையன்று பாம்பன் வழியாக வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி, எளிதில் போய்வர முடியாத பகுதி என்றால் 3,000 பேருக்கே ஒரு துணை நிலையம் உண்டு, 20,000 பேருக்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. ஒரே பாலத்தை நம்பி இருக்கும் தீவுக்கு அந்த அளவைக் கேட்க நமக்கு முழு நியாயம் இருக்கிறது.

என் அக்கா வீடும் ஒரு புது நகரில்தான். ஒருநாள் ராத்திரி அத்தானுக்கு நெஞ்சுவலி. 108-க்குப் போட்டதும் எடுத்தார்கள், வண்டியும் சீக்கிரம் கிளம்பிவிட்டது. ஆனால் மூன்றாவது குறுக்குத் தெரு என்று நாங்கள் சொல்லும் தெருவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, கதவிலக்கம் கிடையாது, தெருவிளக்கு கிடையாது, மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல் மட்டும் வரிசையாக நிற்கிறது. நான் மெயின் ரோட்டில் அலங்கார வளைவுக்குக் கீழே செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றேன். வண்டி எங்களைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தது. அத்தான் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வளைவுக்குச் செலவழித்த பணத்தில் பத்துத் தெருவுக்குப் பலகை வைத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புது நகர் தன் நோயையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. காட்டை அழித்து மனை போட்டால் அங்கே இருந்த பாம்பு எங்கே போகும்? பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக 2024-இல் தமிழக அரசு அறிவித்ததே, அது ராத்திரியில் மருந்தும் ஆளும் இருக்கிற நிலையம் பக்கத்தில் இருந்தால்தான் முழுசாகப் பலன் தரும். நிலத்தடி நீர் உப்பு, குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது, அதனால் வீட்டுக்கு வீடு சம்ப், டேங்க், டிரம். மூடி சரியில்லாத ஒவ்வொன்றும் டெங்கு கொசுவுக்கு வீடு.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். லேஅவுட்டில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் கட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். பூங்கா இடம் பூங்காவுக்குத்தான், நீதிமன்றம் அதில் கறாராக இருக்கிறது, கட்டிய சுவரை இடிக்க வேண்டி வரும். தமிழ்நாட்டின் 2019 கட்டிட, மனை வளர்ச்சி விதிகளில் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒரு சதவீதம் இருக்கிறது, அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. பத்து ஏக்கரில் ரோடு போக ஏழு ஏக்கர் என்றால் உள்ளாட்சிக்குக் கிடைப்பது மூன்றரை சென்ட். தனியாக அது எதற்கும் போதாது. எட்டு லேஅவுட்டின் மூன்றரை சென்ட்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஒதுக்க வைத்தால் 28 சென்ட், நர்ஸ் தங்கும் வீட்டோடு ஒரு நல்ல துணை நிலையம் கட்டலாம். அதை வரைபடம் போடும்போதே செய்ய வேண்டும். பத்திரம் பதிந்து மனை கைமாறிய பிறகு யாராலும் செய்ய முடியாது. கட்டிடத்தோடு நர்ஸ் பணியிடத்தையும் சேர்த்தே கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் புதுக் கட்டிடங்கள் நமக்குப் போதும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அடுத்து வருவதற்கு நீங்களும் நாலு பேருமாகப் போய், ஊராட்சி எல்லைக்குள் அனுமதி வாங்கிய லேஅவுட் எத்தனை, மனை எத்தனை, கூட்டினால் எத்தனை குடும்பம் என்று எழுத்தில் கேளுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் மனை வணிகரிடம், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, இந்த சர்வே நம்பர் எந்தத் துணை சுகாதார நிலையத்துக்குக் கீழே வருகிறது, அங்கே நர்ஸம்மா யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.