அடுப்படி மேடைக்குப் பீங்கான் ஸ்லாப் தாங்குமா?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் மாமனார் காலத்து வீட்டை எடுத்துக் கட்டுகிறோம். அடுப்படி மேடை இதுவரை கடப்பா கல். கடையில் ‘போர்செலின் ஸ்லாப் போடுங்க, கிரானைட்டை விட நல்லது’ என்கிறார்கள். விலை இரண்டு பங்குக்கு மேல் வருகிறது. அத்தையோ ‘பீங்கான்ல போய் யாராவது மேடை போடுவாங்களா, உடைஞ்சு போகும்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது தங்கச்சி. முதலில் பொருளைப் பார்ப்போம். கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் சேர்த்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் உள்ளுக்குள் உருகிக் கண்ணாடி போல இறுகிவிடும். அதுதான் பீங்கான், கடைக்காரர் சொல்லும் போர்செலின். தண்ணீர் நுழைய இடமிருக்காது. சீனாக்காரர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இதில் தேர்ந்தவர்கள். ஐரோப்பாவுக்கு இது பிடிபட 1708 ஆனது. தங்கம் செய்து தருவான் என்று ஜெர்மனியின் சாக்சனி ஆட்சியாளர் காவலில் வைத்திருந்த பொட்கர் அந்த முயற்சியில் இருந்தவர். 1710-இல் அங்கே மைசன் பீங்கான் ஆலை வந்தது. நம் பக்கத்துக்குப் பீங்கான் அதற்கும் வெகு முன்னாலேயே கப்பலில் வந்துவிட்டது. பழைய துறைமுகமான பழைய காயலில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைப்பதைக் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அத்தனை காலம் மண்ணில் கிடந்தும் அவை மக்கவில்லை, ஆனால் உடைந்துதான் கிடந்தன. மேடை விஷயமும் அதேதான்: கறைக்கு அசையாது, அடிக்குப் பயப்படும்.

இப்போது விற்கிற ஸ்லாப் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பொடியைப் பல ஆயிரம் டன் அழுத்தத்தில் அமுக்கிச் சுடுகிறார்கள். போர்செலின் என்று சொல்ல வேண்டுமானால் தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புளிக்கரைசல், எலுமிச்சை, சொதிக்கு அரைத்த மஞ்சள், சூடான குக்கர் எதற்கும் மேல்பரப்பு அசையாது. கிரானைட்டுக்கு இருப்பது போல அவ்வப்போது சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூச வேண்டிய வேலையும் இல்லை. ஒன்று மட்டும்: பளபளப்பாக பாலிஷ் போட்டதில் நுண்துளைகள் திறந்து கறை பிடிக்கலாம். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் எடுங்கள். அதிலும் கறுப்பு வேண்டாம், போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

கோளாறு வருவதெல்லாம் விளிம்பில்தான். தேங்காயை மேடை ஓரத்தில் தட்டி உடைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கல் வேண்டவே வேண்டாம். கிரானைட்டில் சில்லு பெயர்ந்தால் தேய்த்து ஓரளவு சரிசெய்யலாம், இதில் முடியாது. பல ஸ்லாப்களில் டிசைன் மேல்பரப்பில் மட்டும் அச்சிட்டது. சில்லு பெயர்ந்த இடத்தில் வேறு நிறம் பல்லைக் காட்டும். கடையில் சாம்பிளைக் கையில் வாங்கி வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை பக்கவாட்டிலும் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அப்படியே கவிழ்த்துப் பின்பக்கத்தில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் அது போர்செலினே இல்லை.

கல்லை விட முக்கியம், அதைப் பதிக்கிற ஆள். சிங்க், அடுப்புக்கு வெட்டும்போது உள்மூலையை வளைவாக விட வேண்டும். நேர்மூலையாக வெட்டினால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். அப்புறம் நம் கொத்தனார்கள் கிரானைட்டுக்குச் செய்வதுபோல சிமென்ட் கலவையை அங்கங்கே உருட்டி வைத்துக் கல்லை அமுக்கினால் காரியம் கெட்டது. தண்ணீரே இழுக்காத கல்லில் வெறும் சிமென்ட் பிடிக்காது. பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ் என்ற ஒட்டுப்பசை வேண்டும், அதையும் அடியில் இடைவெளி இல்லாமல் பூச வேண்டும். பொக்கையான இடத்துக்கு மேல் இட்லிக் கொப்பரை விழுந்தால் கதை முடிந்தது. இதே வேலையை முன்பு செய்த மேடையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத ஆளிடம் கொடுக்காதீர்கள்.

விலையைச் சதுர அடியில் மட்டும் கேட்காதீர்கள். உங்கள் மேடை 10 அடி ஓடி, திரும்பி இன்னும் 6 அடி, அகலம் 2 அடி என்றால் தேவை 32 சதுர அடி. 3,200-க்கு 1,600 மில்லிமீட்டர் ஸ்லாப் ஒன்று 55 சதுர அடி வரும், முழுசுக்கும்தான் பணம். மிச்சத்தை அடுப்புக்குப் பின்சுவரில் ஒட்டலாம். வெட்டுக்கூலி, விளிம்புக்கூலி, சிங்க் வெட்டு, வண்டி வாடகை எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், நல்ல ஆள் கிடைத்து, கூடுதல் பணம் கையைக் கடிக்காது என்றால் 15 மில்லிமீட்டர் தடிமனில் போர்செலினே போடுங்கள். ஆள் சரியில்லை என்றால் கிரானைட்டே போதும். அதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: தென்காசியில் வீட்டுக்குப் பின்னால் வெயில் படுகிற இடத்தில் வெளி அடுப்படி. குவார்ட்ஸ் போடலாமா, போர்செலினா?

பதில்: குவார்ட்ஸ் வேண்டாம். அந்தப் பெயரில் விற்பது கல்தூளில் செய்த செயற்கைக் கல். தூளைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பிசின். வெயிலில் மஞ்சளடிக்கும், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே வைத்தால் தடம் விழும். போர்செலினுக்கு இரண்டும் பொருட்டில்லை.

கேள்வி: வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். போர்செலின் மேடை போட்டு மூன்றே மாதத்தில் சிங்க் ஓரம் விரிசல். கடைக்காரர் பதித்தவரைக் கை காட்டுகிறார், அவர் கடையைக் கை காட்டுகிறார்.

பதில்: விரிந்த கல்லை இப்போதைக்குப் பெயர்க்காதீர்கள். மூலை வெட்டு தெரியும்படி மேலும் கீழும் படம் எடுத்து வையுங்கள். பதிக்கிற வேலையும் கடையின் பில்லிலேயே இருந்தால், கடை ஒதுங்க முடியாது. தனியாக ஆள் வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே?